புது மென்பொருள், மூத்த ஊழியர்கள், நடுவில் புதிதாகத் தலைமைக்கு வந்த நீங்கள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் விஷயம் புரிய வேண்டுமே. சென்னையில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள். வயது 34. சமீபத்தில்தான் உங்களைப் பிரிவுத் தலைவர் ஆக்கினார்கள். இப்போது பழைய மென்பொருளை எடுத்துவிட்டு, பில்லை ஸ்கேன் செய்தால் தானே படித்துப் பதிவு போடும் புதிய மென்பொருள் வருகிறது. உங்கள் பிரிவில் மூன்று பேர் உங்களைவிட மிகவும் மூத்தவர்கள், உங்களுக்கே வேலை கற்றுக்கொடுத்தவர்கள். அவர்கள் இதைத் தொடவே மறுக்கிறார்கள். மேலிடமோ "மாற்றத்தை மனதார ஏற்கும் டீமாக ஆக்குங்கள்" என்கிறது. அவர்களை எப்படிக் கொண்டுவருவது, நான் எப்படி ஒரு நல்ல தலைவராவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, கிளை மேலாளராகி ஓய்வு பெற்றவன். கையால் லெட்ஜர் (பேரேடு) எழுதிய காலத்தில் உள்ளே போய், எல்லாக் கிளைகளும் ஒரே கணினி அமைப்பில் இணைந்த கோர் பேங்கிங் காலத்தில் வெளியே வந்தவன். லாரி ஆபீஸ்காரர்களின் கணக்குகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

முதலில் ஓர் எதிர்க்கேள்வி. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 1-ல், சரக்கு வண்டிக்கு இணையதளத்தில் எடுக்க வேண்டிய ஈ-வே பில்லைத் தொடங்கப் பார்த்தார்கள், அன்றைக்கே இணையதளம் படுத்துவிட்டது, தள்ளிப்போட்டு ஏப்ரல் 1-ல் மறுபடி ஆரம்பித்தார்கள். வண்டி செக்போஸ்ட்டில் நிற்க, பில் கிடைக்காமல் எல்லாரும் தவித்த காலம் அது. உங்கள் அலுவலகத்தில் அப்போது அதையெல்லாம் கற்றுக்கொண்டு ஓட்டியது யார்? இதே மூன்று பேராகத்தான் இருக்கும். அப்படியென்றால் "மாற மாட்டார்கள்" என்ற பேச்சே சரியில்லை. ஒரு நாட்டின் வரி முறையே தலைகீழாக மாறியபோது மாறியவர்கள், ஒரு மென்பொருளுக்கு ஏன் முறுக்கிக்கொள்கிறார்கள்?

என் பதில் இதுதான். ஜிஎஸ்டி வந்தபோது எல்லாருமே கற்றுக்குட்டிகள். ஆடிட்டருக்கே சந்தேகம், வரி அலுவலகத்திலும் குழப்பம். யாரும் யாரிடமும் தாழ்ந்து போகவில்லை. தெரிந்துகொண்டவர் சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான். இப்போது வருவது அப்படி இல்லை. நேற்றுச் சேர்ந்த இருபத்து நான்கு வயதுப் பையன் பத்து நிமிடத்தில் பழகிவிடுகிறான். இருபது வருடம் "அண்ணனைக் கேள், அண்ணனுக்குத்தான் தெரியும்" என்று பேர் வாங்கியவர், அந்தப் பையனிடம் போய் "தம்பி, இது எங்கே இருக்கு?" என்று கேட்க வேண்டும். அதுவும் எல்லார் முன்னாலும். அவர்கள் மறுப்பது மென்பொருளை அல்ல, அந்தக் காட்சியை.

வங்கியில் நான் பார்த்ததும் இதையேதான். லெட்ஜர் காலத்தில் ஒவ்வொரு கிளையிலும் பேலன்சிங் மன்னன் என்று ஒருவர் இருப்பார். சேமிப்புக் கணக்கு லெட்ஜர்களில் உள்ள இருப்பையெல்லாம் கூட்டினால் பொதுப் பேரேட்டில் உள்ள தொகையோடு சல்லிக்காசு பிசகாமல் நிற்க வேண்டும். நிற்காது. அப்போது இவரைக் கூப்பிடுவார்கள். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கிறது, 54-ஐ 45 என்று எழுதியிருப்பார்கள். இரட்டைப்படை வித்தியாசம் என்றால் அதைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடு, பற்று வைக்க வேண்டியதை வரவு வைத்திருப்பார்கள். இப்படி மனக்கணக்கிலேயே பாதி லெட்ஜரைக் கழித்துவிட்டு, மீதியில் கைவைத்துப் பிடித்துவிடுவார். மேலாளரே அவர் மேசைக்கு நடந்து போய் "சார், கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்பார். கணினி வந்ததும் பேலன்சிங் என்ற வேலையே போய்விட்டது. சம்பளம் குறையவில்லை, நாற்காலி போகவில்லை. ஆனால் யாரும் அவர் மேசைக்கு நடந்து வருவதில்லை.

யூனியன்தான் வங்கிகளில் கணினியைத் தடுத்தது என்று இன்றும் ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. 1983-ல் இந்திய வங்கிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் ஓர் ஒப்பந்தம் போட்டன: இத்தனை இயந்திரம்தான், இந்த வேலைக்குத்தான், யாருக்கும் வேலை போகாது. அப்போது ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையிலான குழு, வங்கிகளை இயந்திரமயமாக்குவது பற்றி 1984-ல் அறிக்கை கொடுத்தது. பிறகு ஏஎல்பிஎம் என்ற லெட்ஜர் பதிவு இயந்திரங்கள் வந்தன. அதை இயக்குபவருக்குத் தனி அலவன்ஸ் வைத்ததும், "எனக்கு, உனக்கு" என்று போட்டியே வந்துவிட்டது. 1993-ல் இன்னும் விரிவான ஒப்பந்தம். வேலை போகாது என்று எழுத்தில் வந்த பிறகு எழுத்தர்கள் பெரும்பாலும் வந்துவிட்டார்கள். என் கண்ணில் பட்டவரை, கடைசிவரை இழுத்தடித்தது நடுமட்ட அதிகாரிகள்தான். அவர்களுக்குத்தான் இழப்பு அதிகம், அதைச் சொல்லவும் முடியாது. எழுத்தர் "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லிவிடலாம், அதிகாரி எப்படிச் சொல்வார்?

அதனால் என்ன செய்தார்கள் தெரியுமா? தன் பாஸ்வேர்டை இளைய ஊழியரிடம் கொடுத்துவிட்டார்கள். "நீயே பாஸ் பண்ணிடுப்பா." ஒருவர் பதிவு போட வேண்டும், வேறொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பதுதான் வங்கியின் உயிர்நாடி. இரண்டையும் ஒரே கை செய்ய ஆரம்பித்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பல மோசடிகளின் பின்னால் பெரிய தொழில்நுட்பம் எதுவும் கிடையாது, மேசையில் ஒட்டியிருந்த ஒரு துண்டுச் சீட்டுதான்.

இதை உங்களுக்காகவே சொல்கிறேன். உங்கள் மூன்று மூத்தவர்களைப் பற்றி யோசிக்கும் முன், உங்களைப் பற்றி ஒரு நிமிடம். அந்தப் புதிய மென்பொருளில் நீங்களே ஒரு பில்லை ஆரம்பம் முதல் கடைசிவரை ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால், டீமில் சூட்டிகையான ஒருவரை முன்னால் விட்டு, அவர் அனுப்புவதைப் பார்க்காமலேயே மேலே அனுப்பும் நாள் தூரத்தில் இல்லை. பில்லைத் தானே படிக்கும் மென்பொருள் என்கிறீர்கள். ஹால்டிங் சார்ஜை (லாரி காத்து நின்றதற்கான கட்டணத்தை) வாடகையோடு சேர்த்துப் படித்தால் யார் கண்டுபிடிப்பார்? டீசல் அட்வான்ஸ் கழிக்காமல் லாரிக்காரருக்கு முழு பேலன்ஸும் போய்விட்டால்? தலைவர் எல்லாவற்றிலும் கெட்டிக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் எங்கே பிசகும் என்று தெரிந்துகொள்ளும் அளவுக்காவது கையை நனைத்திருக்க வேண்டும்.

அதையும் மறைவாகச் செய்யாதீர்கள். எல்லார் முன்னாலும் உட்கார்ந்து, அந்தப் பையனிடமே "இது ஏன் சிவப்பா வருது?" என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால் அது சாதாரண விஷயமாகிவிடும். அதற்கப்புறம் மூத்தவர் கேட்பதில் கூச்சம் குறையும். கூட்டம் போட்டு "கேள்வி கேட்கத் தயங்காதீர்கள்" என்று நூறு தடவை சொல்வதைவிட இது வேலை செய்யும்.

சரி, மூத்தவர்கள் விஷயத்துக்கு வருவோம். கும்பகோணம் பக்கம் ஒரு கிளையில் கோர் பேங்கிங்குக்கு மாறும் வேலை. மாறுவதற்கு முன்னால் பல வாரங்கள் சுத்தம் செய்யும் வேலை இருக்கும். வாடிக்கையாளர் பெயரில் இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால். பிறந்த தேதி இருக்காது. எங்கே சேர்ப்பது என்று தெரியாத தொகைகளைத் தற்காலிகமாக வைக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் யாருக்கும் நினைவில்லாத பழைய பதிவுகள் கிடக்கும். இதையெல்லாம் தீர்க்காமல் அப்படியே புதிய அமைப்புக்குள் தள்ளினால் குப்பை அங்கேயும் வரும். அந்தக் கிளையில் ஓய்வுக்கு நெருக்கமான ஒரு தலைமை எழுத்தர் இருந்தார், பயிற்சிக்கு வரவே மாட்டேன் என்றார். மேலாளர் அவரை வற்புறுத்தவில்லை. "சார், மாறிய பிறகு கம்ப்யூட்டர் காட்டும் இருப்பு சரியா, தப்பா என்று நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் நான் மேலே அனுப்புவேன்" என்றார். அவ்வளவுதான். சரிபார்க்க வேண்டுமென்றால் திரையைப் பார்க்க வேண்டும், பார்க்க வேண்டுமென்றால் எந்த மெனுவில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அவராகவே கற்றுக்கொண்டார். மாணவராக உட்காரச் சொன்னால் வராதவர், நீதிபதியாக உட்காரச் சொன்னதும் வந்தார்.

இது தந்திரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர் சரிபார்ப்பு உண்மையிலேயே தேவைப்பட்டது. இருப்பு தப்பாகப் போயிருந்த கணக்குகளைக் கண்டுபிடித்தார். தேவையில்லாத வேலையைக் கொடுத்து "உங்களுக்கும் மரியாதை" என்று காட்டினால் இரண்டாவது நாளே புரிந்துகொள்வார்கள், பிறகு உங்களை நம்ப மாட்டார்கள்.

உங்கள் இடத்தில் அப்படி உண்மையான வேலை நிறையவே இருக்கிறது. எந்தக் கம்பெனி டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்ததைச் சொல்லாமல் குறைத்துக் கட்டும், எந்த ஊர் கிளையிலிருந்து பி.ஓ.டி. (சரக்கு போய்ச் சேர்ந்ததற்கான சான்று) வராமல் பில் நிற்கும், எந்தப் பார்ட்டியின் எல்.ஆர். (லாரி ரசீது) நகலில் எடை கையால் திருத்தியிருக்கும் என்பதெல்லாம் அந்த மூவரின் தலையில்தான் இருக்கிறது. எந்தக் கோப்பிலும் இல்லை. ஒவ்வொருவரிடமும் தனியாக உட்காருங்கள். "புது சிஸ்டம் எதில் ஏமாறும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். வருவதை எழுதிக்கொள்ளுங்கள், அவர் பெயரோடு. மென்பொருள் கம்பெனிக்காரர்கள் வரும்போது அந்தப் பட்டியலை அவரையே பேசச் சொல்லுங்கள்.

இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். 2000-2001-ல் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வெளியே போனார்கள். சரியாக அதே நேரத்தில்தான் கணினிமயம் சூடு பிடித்திருந்தது. வங்கி வணிகத்தில் 70 சதவீதம் 2001 ஜனவரி 1-க்குள் கணினிக்கு வந்தாக வேண்டும் என்று அப்போதைய மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையர் என். விட்டல் உத்தரவே போட்டிருந்தார். ஒரு பக்கம் கெடு, இன்னொரு பக்கம் விஷயம் தெரிந்தவர்கள் மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். பல கிளைகளில் பழைய கடன் பத்திரத்தின் பின்னணி என்ன என்று கேட்க ஆளில்லை. போனவர் வீட்டுக்கே ஸ்கூட்டரில் போய்க் கேட்டுவிட்டு வந்த அதிகாரிகள் உண்டு.

அப்புறம், இரண்டையும் சேர்த்து ஓட்டுவது. பழையதும் ஓடும், புதியதும் ஓடும், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம் என்பார்கள். தேவைதான். ஆனால் முடிவுத் தேதி இல்லாமல் இதை ஆரம்பித்தால் கதை முடிந்தது. எங்களிடம் லெட்ஜரும் கணினியும் சேர்ந்து ஓடிய மாதங்களில் எல்லாருக்கும் இரட்டை வேலை, இரவு எட்டு மணி வரை கிளையில் விளக்கு எரியும். தேதி சொல்லாத கிளைகளில் என்ன ஆனது என்றால், மக்கள் லெட்ஜரை நம்பினார்கள், கணினியில் கடமைக்குப் பதிவு போட்டார்கள். வித்தியாசம் வந்தால் "கம்ப்யூட்டர் தப்பு" என்று முடித்தார்கள். தேதி குறித்த இடங்களில் வித்தியாசத்தைத் தேடினார்கள், ஏனென்றால் அந்தத் தேதிக்கப்புறம் லெட்ஜர் இருக்காது. மாதக் கடைசி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் நாட்கள், மார்ச் மாதம், இதையெல்லாம் தவிர்த்து ஒரு தேதி குறியுங்கள். அதுவரை வேறு வேலைகளைக் குறைத்துத் தர மேலிடத்திடம் கேளுங்கள். இரட்டை வேலை வாங்கிக்கொண்டு "உற்சாகமாக இருங்கள்" என்றால் எந்த மனிதனும் எரிச்சல்தான் படுவான்.

எதிர்ப்பு எல்லாமே மனத்தடை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஏஎல்பிஎம் வந்தபோது "இது அரைகுறை வேலை, ஒரு மிஷினுக்கும் இன்னொரு மிஷினுக்கும் தொடர்பே இல்லை" என்று முணுமுணுத்தவர்கள் சொன்னது சரியாகத்தான் போனது. அதை எடுத்துவிட்டுக் கிளை முழுவதையும் கணினியாக்கினார்கள், பிறகு அதையும் எடுத்துவிட்டு கோர் பேங்கிங் வந்தது. முணுமுணுப்பில் சரக்கு இருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. "எந்தப் பில்லில்?" என்று கேளுங்கள். குறிப்பிட்ட ஒரு பில்லை எடுத்துக் காட்டினால் அது குறை, குறித்துக்கொண்டு சரிசெய்ய வேண்டியது. "பொதுவாகவே இது சரிப்படாது" என்றால் அது மனசு, அதற்கு வேறு மருந்து.

மாற்றத்தால் யாருக்கு லாபம் என்பதையும் உறுதியாகச் சொல்ல முடிய வேண்டும். எங்களுக்கு அது தெரியப் பல வருடம் ஆனது. சேமிப்புக் கணக்கு வட்டியை முன்பு எப்படிப் போட்டார்கள் தெரியுமா? மாதத்தின் 10-ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. 25-ஆம் தேதி ஒரே ஒரு நாள் பணம் எடுத்திருந்தாலும் அந்த மாதம் போச்சு. கையால் போடும் காலத்தில் வேறு வழியில்லை. எல்லாம் கணினிக்கு வந்த பிறகு, 2010 ஏப்ரல் 1 முதல் அன்றாட இருப்புக்கு வட்டி கொடுக்க ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. சாதாரணச் சம்பளக்காரருக்குப் போய்ச் சேர்ந்த லாபம் அது. "டிஜிட்டல்", "எதிர்காலம்" என்ற பேச்சு யார் மனதிலும் நிற்காது. "லாரிக்காரருக்கு இனி பேலன்ஸ் பணம் அன்றைக்கே போகும், போனில் திட்டு வாங்க வேண்டாம்" என்று உங்களால் சொல்ல முடிந்தால் நிற்கும். சொல்ல முடியவில்லை என்றால், இந்த மென்பொருள் எதற்கு என்று மேலிடத்தைக் கேட்க வேண்டிய நேரம்.

மேலிடத்தைக் கேட்க வேண்டியது இன்னொன்றும் உண்டு, அதுதான் பெரியது. யாருக்காவது வேலை போகுமா? எங்களுக்கு அதைக் கேட்க யூனியன் இருந்தது. உங்கள் டீமுக்கு உங்களை விட்டால் ஆளில்லை. நேரடியாகக் கேளுங்கள், முடிந்தால் மின்னஞ்சலில். பதில் தெளிவாக வந்தால் அப்படியே டீமிடம் சொல்லுங்கள். மழுப்பலாக வந்தால், "கேட்டேன், உறுதியான பதில் இன்னும் வரவில்லை, மறுபடி கேட்பேன்" என்று சொல்லுங்கள். உங்கள் கையில் இல்லாத வாக்குறுதியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். "ஒன்றும் ஆகாது, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, மூன்று மாதத்தில் ஒருவருக்கு ஓலை வந்தால், மீதிப் பேர் வாழ்நாளுக்கும் உங்களை நம்ப மாட்டார்கள்.

இனி, நான் எப்படி வளர்வது என்ற உங்கள் கடைசிக் கேள்வி. நீங்கள் பதவிக்கு வந்ததே பில் பார்ப்பதில் கெட்டிக்காரர் என்பதால்தான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை இனி தினமும் காட்ட முடியாது. மாலையில் எழுந்திருக்கும்போது "இன்றைக்கு இத்தனை பில் முடித்தேன்" என்ற திருப்தி கிடைக்காது. யாரோ ஒருவரிடம் அரை மணி நேரம் பேசியிருப்பீர்கள், மேலிடத்துக்கு இரண்டு கடிதம் போட்டிருப்பீர்கள், ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். இந்த வெறுமை தாங்காமல்தான் பல புதிய தலைவர்கள் டீமின் வேலையைத் திரும்பப் பிடுங்கித் தாங்களே செய்கிறார்கள். கோர் பேங்கிங் வந்தபோது கிளை மேலாளர்களுக்கு வந்ததும் இந்தச் சோதனைதான். "அவர் என் கிளை வாடிக்கையாளர்" என்றிருந்தது போய், வாடிக்கையாளர் வங்கிக்குச் சொந்தமானார், எந்தக் கிளையிலும் பணம் எடுப்பார். நாள் முடிவுக் கணக்கு எங்கோ இருக்கும் டேட்டா சென்டரில் முடியும். கடன் ஒப்புதலும் பல இடங்களில் மையப்படுத்தப்பட்டது. சில மேலாளர்கள் கேபினில் உட்கார்ந்து, பழைய அதிகாரத்தின் நினைவாக ஒவ்வொரு வவுச்சரையும் தன்னிடம் கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேறு சிலர், கைக்கு வந்த நேரத்தை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்கள், மோசமாகப் போய்க்கொண்டிருந்த கடன்களை நேரில் பார்த்தார்கள், மாறிய முதல் வாரம் லைன் கிடைக்காமல் கூட்டம் நின்றபோது ஹாலில் நின்று வசவை வாங்கிக்கொண்டார்கள். நான் பார்த்தவரை இந்த இரண்டாவது வகையினரைத்தான் ஊழியர்கள் மதித்தார்கள். கணினியில் அவர்கள் பெரிய சூரர்கள் எல்லாம் இல்லை.

ஆகவே, முதல் வாரம் போன் வரும். லாரிக்காரர்களும் பார்ட்டிகளும் கத்துவார்கள். அந்த அழைப்புகளை நீங்கள் எடுங்கள், அந்த மூவரிடம் விடாதீர்கள். தெரியாத திரையையும் கத்தும் ஆளையும் ஒரே நேரத்தில் சமாளிக்கச் சொல்வது கொடுமை.

கடைசியாக, மூவரில் ஒருவர் "என்ன செய்தாலும் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அவரிடம் தனியாகப் பேசுங்கள், கேபினுக்குக் கூப்பிட்டு அல்ல, அவர் மேசைக்குப் போய், மற்றவர்கள் கிளம்பிய பிறகு. அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியிருந்தால் அதே அண்ணன்தான், பதவிக்காக மாற்ற வேண்டாம். அவர் கண் பார்வை, வீட்டு நிலைமை, ஓய்வுக்கு எத்தனை காலம் என்பதையெல்லாம் கேளுங்கள். நீங்கள் நினைக்காத காரணம் ஒன்று இருக்கலாம், சின்ன எழுத்து தெரியவில்லை என்பதைக்கூட வெளியே சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. சரிபார்ப்பு வேலையை முன்வையுங்கள். எந்தத் தேதிக்குள் என்பதையும் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால், பழைய பாக்கி வசூல் மாதிரி அவர் அனுபவம் தேவைப்படும் வேறு வேலைக்கு மாற்றப் பாருங்கள், அதை அவரிடம் முதலில் சொல்லிவிட்டு மேலே சொல்லுங்கள். அவர் பங்கு வேலையை மற்ற இரண்டு பேர் தலையில் சத்தமில்லாமல் ஏற்றுவதை மட்டும் செய்யாதீர்கள். ஒழுங்காக வந்த அந்த இருவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.